அமலோற்பவத்தின் பந்து நிற்காமல் உருண்ட கதை

நரிக்கொம்பையில் அந்த மழைக்காலத்தில் பிறந்த பிள்ளைகள் எதற்கும் தாலாட்டு தேவைப்படவில்லை, ஏனென்றால் தொட்டில் கட்டிய அறையின் தரைக்குக் கீழே, அதிக ஆழம் என்றும் சொல்ல முடியாத, கைக்கெட்டும் தூரம் என்றும் சொல்ல முடியாத ஓர் இடத்தில், அமலோற்பவத்தின் கோல்ஃப் பந்து கொர்ர்ர் என்று உருண்டு போகும், பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டே அந்தச் சத்தம் போகிற பக்கம் தலையைத் திருப்பும், திருப்பிய தலை மறுபடி இந்தப் பக்கம் வருவதற்குள் தூங்கிப்போகும். பெரியவர்கள் தூங்கினார்களா என்றால், அது அந்த ஞாயிற்றுக்கிழமை பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

அமலோற்பவம் கேடி லைனில் பிறந்தவள். கோல்ஃப் கிளப்பின் பின்மதிலை ஒட்டி, வெயில் வந்தால் பொரிகிற, மழை வந்தால் பேசுகிற தகரக் கூரைகளோடு வரிசையாக நிற்கும் வீடுகளுக்குத்தான் கேடி லைன் என்று பெயர். அங்கே உள்ள ஆண்கள் எல்லாரும் கேடிகள், அதாவது கிளப் மெம்பர்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறவர்கள், அவள் அப்பா சூசையும் அப்படித்தான். லைன்காரர்கள் கிளப்புக்குள் போவதானால் சமையல்கட்டு வழியாகப் போக வேண்டும், முன்படிக்கட்டு அவர்களுக்கில்லை. இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை, அதனால்தான் யாராலும் அதை அழிக்கவும் முடியவில்லை.

அமலு பந்தடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே குரல் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். எந்தக் குரலும் ஒரு தடவை அவள் காதுக்குள் போனால் மறுபடி வாய்வழியாக வெளியே வந்துவிடும்: பங்குச் சாமியாரின் பிரசங்கத்துக்கு நடுவில் வருகிற இருமல், கோயமுத்தூர் பஸ் கண்டக்டரின் 'உள்ள போ உள்ள போ, அங்க என்ன கல்யாணமா நடக்குது', டாக்டரம்மாவின் 'நாக்கை நீட்டு, இன்னும் நீட்டு'. கிளப் செயலாளர் கர்னல் பத்மநாபனின் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் டெலிபோன் மணி மாதிரியே அடிக்க, கர்னல் முகம் முழுக்கச் சவர நுரையோடு ஓடிவந்து செத்த டெலிபோனிடம் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்ததும் உண்டு. ஒரு தடவை கர்னலின் குரலிலேயே சமையல்கட்டுக்கு, 'லுக் ஹியர், இன்று கேடிகளுக்கெல்லாம் மட்டன் பஃப், தாராளமாக, அண்டர்ஸ்டாண்ட்?' என்று உத்தரவு போனது. கர்னலுக்கு விஷயம் தெரியவந்தபோது கடைசி பஃபின் கடைசித் துணுக்கு சூசையின் மீசையில் இருந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, வெளியூரில் போய்த் தகுதிப் போட்டி ஆடி, தொழில்முறை ஆட்டக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தாள். அப்படி வந்து அவள் ஆடிய முதல் பந்தயமே நரிக்கொம்பை கிளப் நடத்துகிற பெண்கள் மலைக்கோப்பைதான். தகுதி வாங்கியவளை வேண்டாம் என்று சொல்லக் கர்னலுக்கு வழியில்லை. அவள் முன்படிக்கட்டில் ஏறி வந்ததை அவர் கஷாயம் குடித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார், அவளும் படி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று நின்றுதான் ஏறினாள்.

கடைசி நாள் ஞாயிறு. மலையில் பனி என்றால் சும்மா பனி இல்லை, பக்கத்தில் நிற்கிறவன் தும்மினால் யார் தும்மியது என்று கேட்க வேண்டிய பனி. கடைசியான பதினெட்டாவது குழிக்கு வந்தபோது, பெங்களூரிலிருந்து வந்திருந்த தாரிணி தன் பந்தைப் போட்டு முடித்துவிட்டாள். அமலு இந்த ஒரே தட்டில் போட்டுவிட்டால் ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை அவளுக்கு. பந்துக்கும் குழிக்கும் நடுவே ஓர் ஆள் கையைக் காலை நீட்டிப் படுக்கிற தூரம். புல்வெளியை ஒட்டிய வராண்டாவில் மெம்பர்கள் டீக் கோப்பையும் கையுமாக வந்து நின்றார்கள். நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, சரியாக அந்த நேரம் பனி திரைச்சீலை மாதிரி விலகியது. மகளுக்கே கேடியாக வந்திருந்த சூசை கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கினார். அமலு தட்டினாள். பந்து நேராகப் போனது, குழியின் விளிம்பில் ஒரு தடவை உள்ளே எட்டிப்பார்த்தது, இறங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். பிறகு பனி திரும்பவும் மூடிக்கொண்டது.

சூசை பந்தை எடுக்கக் குனிந்தார். மணிக்கட்டு வரை கை போனது, முழங்கை வரை போனது, தோள் வரை போனது, கடைசியில் கன்னம் புல்லில் பதியப் படுத்துக்கொண்டு துழாவினார்.

"அடியே இல்லம்மா இதுக்கு."

அமலு பக்கத்தில் படுத்துக் காதை வைத்தாள். கீழே, தூரத்தில், கொர்ர்ர்.

"போய்க்கிட்டு இருக்குப்பா."

"பந்து எங்கே?" என்று கேட்டுக்கொண்டு கர்னல் வந்தார்.

"குழிக்குள்ள சார்."

"குழிக்குள் என்றால் எடுத்துக் காட்டு."

"உருண்டுக்கிட்டு இருக்கு சார். நின்னதும் எடுத்துக் காட்டறேன்."

நடுவர் வெங்கடவரதன் வந்தார். நேர்மையான மனிதர், சட்டப் புத்தகத்தைச் சட்டைப்பையில் இதயத்துக்கு மேலே வைத்திருப்பவர். "பந்து குழிக்குள் ஓய்வு நிலைக்கு வர வேண்டும், அப்போதுதான் கணக்கு," என்றார். "நின்றால் நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். நிற்காத பட்சத்தில், அது குழியில்தான் விழுந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்ல வேண்டும். கேடி சொல்வது செல்லாது, அவர் உன் கட்சி. நான் சொல்லலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்." இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

கர்னல் வராண்டாவைப் பார்த்துத் திரும்பினார். "பந்து விழுந்ததை இங்கே யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. பேங்க் மேனேஜர் தன் டீயைப் பார்த்தார். டாக்டரம்மா பேங்க் மேனேஜரின் டீயைப் பார்த்தார். எஸ்டேட்காரர் ஒருவர், "பனி, கர்னல், என்ன பனி," என்றார். தாரிணி குழிக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றவள், அவளும், "சரியா தெரியல சார், பனியா இருந்துச்சு," என்றாள்.

"எலி வளையில் போயிருக்கும்," என்றார் கர்னல். "காணாமல் போன பந்து. மை டியர் கேர்ள், அபராதம் ஓர் அடி, அதே இடத்தில் புதுப் பந்தை வைத்து மறுபடி ஆடு."

அடித்தது ஒன்று, அபராதம் ஒன்று, மறுபடி அடிப்பது ஒன்று என்று கூட்டினால் கோப்பை தாரிணிக்குப் போய்விடும், அது அங்கே நின்ற குருவிக்கும் தெரியும். அமலு மட்டையைப் பையில் போட்டாள்.

"விழுந்த பந்தை மறுபடி அடிக்க மாட்டேன் சார். அது எப்ப நிக்குதோ அப்ப நிக்கட்டும். நான் ஆட்டத்துல இருக்கேன்."

"எத்தனை நேரம்?"

அவள் நடுவரைப் பார்த்தாள். வெங்கடவரதன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, உருண்டுகொண்டிருக்கும் பந்துக்காகக் காத்திருக்க நேர வரம்பு எதுவும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று மிகுந்த வருத்தத்தோடு அறிவித்தார். அன்று சாயங்காலம் யாருக்கும் கோப்பை கொடுக்கப்படவில்லை. அலங்காரத்துக்குக் கட்டிய சாமந்தி மாலைகள் மட்டும் பந்தல்காரரோடு வீட்டுக்குப் போயின.

கிளப்பில் தினமும் காலையில் புதுக் குழி வெட்டிப் பழைய குழியை அடைப்பது வழக்கம், ஒரே இடத்தை எல்லாரும் மிதித்தால் புல் செத்துப்போகும். புல்தரை பார்க்கிற ராயன் மறுநாள் அரைத் தூக்கத்தில் வந்து, கைப்பழக்கத்தில், புல்லோடு வெட்டிய மண்கட்டியை அந்தக் குழியில் வைத்து அமுக்க, மண்கட்டியும் உள்ளே போய்ப் பந்துக்குப் பின்னால் உருண்டது. ராயன் தொப்பியைக் கழற்றிக் குழிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிற்பாடு கர்னல் மணலும் சரளையும் வண்டி வண்டியாகக் கொட்டச் சொன்னார், அதற்கு நடுவர், ஆட்டம் முடியாமல் குழியைத் தொடக்கூடாது என்று குறுக்கே நின்றார். ஆகவே கொடி அங்கேயே நின்றது, குழி அங்கேயே இருந்தது, பந்து ஊருக்கடியில் சுற்ற ஆரம்பித்தது.

ஊர் அதற்கு ஏற்றாற்போலத் தன்னைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "இருங்க, பந்து போகட்டும்," என்று விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிற்பார், அது கடந்த பிறகு ரைட் கொடுப்பார். மாதா கோயிலில் பூசைக்கு நடுவே சத்தம் வந்தால் சாமியார் இருமலை நிறுத்திக்கொள்வார். பள்ளிவாசல் தெருவில் சுவரோடு காதை வைத்துப் பந்து மேற்கே போனால் மழை, கிழக்கே போனால் துணி காயப் போடலாம் என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி அம்மனுக்கு இந்த உருமிச் சத்தம் பிடித்துப்போய்விட்டது என்றார். நகராட்சி, வழக்கம்போலத் தாமதமாக, 'நிலத்தடி உருளல் பொதுமக்களுக்கு இடையூறு அன்று' என்று ஒரு பலகை வைத்தது, வைத்த அன்றைக்கே பலகைக்கு அடியில் பந்து போய்ப் பலகை சாய்ந்தது. கேடி லைனில் பந்து வந்தால் வந்த விருந்தாளி மாதிரிதான். தரை லேசாகச் சூடாகும், குளிர்கிற கால்களை எல்லாரும் அங்கே வைப்பார்கள், "அமலு பந்து வந்துட்டுப் போச்சு" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பார்கள்.

அமலுவுக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை. ஓர் ஆட்டத்தின் நடுவில் இருக்கிறவள் இன்னோர் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. கோயமுத்தூர்ப் பந்தயம் வந்தது, போனது. மைசூர்ப் பந்தயம் வந்தது, போனது. அவள் மட்டையைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். கிளப் கமிட்டியிலிருந்து ஆள் வந்து, தாரிணியும் அவளும் கூட்டாக ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, அவள் அம்மா தெரசம்மாள் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாதின்னாலும் கோப்பைதானே பாப்பா. அவங்களே எறங்கி வந்திருக்காங்க."

"பாதிப் பந்தா விழுந்துச்சு?"

"வாயி. ஒங்கப்பா வாயி. வருஷம் பூராப் பாறை மாதிரி உக்காந்திருக்கப் போறியா?"

"பாறை உருளாதும்மா. நானும் உக்காந்திருக்கல, நின்னுக்கிட்டிருக்கேன்."

தெரசம்மாள் அன்று மகளுக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தாள்.

மழை பலத்தபோது டீக்கடை நூர்தீன்தான் அதைக் கவனித்தவர். கடைக்கு வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒருநாள் வடிகட்டியை உதறிக்கொண்டே சொன்னார்: "லைன் வீட்டுக்கடியில போனா ரெண்டு நிமிஷத்துல போயிருது. பேங்க் மேனேஜர் பங்களாவுல சாயங்காலம் புகுந்தா விடியிற வரைக்கும் கட்டிலச் சுத்தியே வருதாம். டாக்டரம்மா வீட்ல ஊசி மருந்து பாட்டிலெல்லாம் தாளம் போடுதாம். ரெண்டு பேரும் அன்னிக்கி எங்க நின்னு டீ குடிச்சாங்கன்னு யோசிங்கப்பா. என் டீ இல்ல, அத மட்டும் சொல்லிக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பார்த்தவர்கள் வீட்டில் பந்து தங்குகிறது, பார்க்காதவர்கள் வீட்டில் கடந்து போகிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பந்துக்கும் ஞாயம் தெரியும் என்று முடிவு செய்துகொண்டு இன்னொரு டீ சொன்னார்கள்.

முதலில் உடைந்தவள் தாரிணி. அவளும் முடியாத ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவள்தான், பெங்களூருக்குப் போனால் பந்தும் பஸ் ரோட்டுக்கடியிலேயே கூட வந்து அவள் ஃபிளாட்டின் ஏழாவது மாடித் தரைக்குள் ஏறிவிட்டதாம். குடையை மடக்காமலேயே லைன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"உன்னால என் சீசன் போச்சுடி. தூக்கம் போச்சு. கண்ணப் பாரு, பாண்டா மாதிரி."

"பாத்தியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"பாத்தேன். போதுமா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. போய் அங்க சொல்லு."

"எங்க?"

"எங்க விழுந்துச்சோ அங்க."

தாரிணி மழையில் நடந்து போய்ப் பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "விழுந்துச்சு. நான் பாத்தேன். எனக்கு ஜெயிக்கணும்னு இருந்துச்சு, அதனால பாக்கலன்னேன்," என்று குழிக்குள் சொன்னாள். கிளப் விருந்தினர் அறையில் அன்று அவள் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள், பந்து அந்தப் பக்கமே வரவில்லை.

இது தெரிந்ததும் மெம்பர்கள் வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாக, தற்செயலாக நடக்க வந்தவர்கள் மாதிரி, ஒருவர் வருவதை ஒருவர் பார்க்காத மாதிரி. பேங்க் மேனேஜர், "மேற்படி பந்து மேற்படி குழியில் விழுந்ததை இதன்மூலம்," என்று தொடங்கி மூச்சு வாங்கினார். டாக்டரம்மா குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "ஆ காட்டு" என்று சொல்லிப் பழகிய வாயால், "ஆமா, பாத்தேன்" என்றார். எஸ்டேட்காரர் ஆங்கிலத்தில் சொல்ல, சத்தம் நிற்கவில்லை என்று திரும்பி வந்து தமிழில் சொன்னார். அமலு லைன் மதிலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரும் சொல்லி முடித்தவுடன் அதை அவரவர் குரலிலேயே லைனுக்குத் திருப்பிச் சொன்னாள், லைன் கைதட்டியது. அவர்கள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, தட்டிய கையோடு அவளுக்கு ஒரு சின்னச் சலாமும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் மிஞ்சியவர் கர்னல் ஒருவர். ஊரில் அத்தனை வீட்டையும் விட்டுவிட்டதால் பந்துக்கு வேறு வேலை இல்லை, அவர் பங்களாவிலேயே குடியேறிவிட்டது. சுவரில் மாட்டிய மெடல்கள் கிணுகிணு என்றன. சூப் தட்டில் அலையடித்தது. ஜீப்பில் போய்ப் படுத்தார், ஜீப்புக்கடியில் வந்தது. எழுந்து நின்றார், பூட்ஸுக்கடியில் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆனாலும் குழிப் பக்கம் போகவில்லை. நடுவர் சொல்லிவிட்டார்: பந்தயத்தை நடத்திய செயலாளர் கேட்ட கேள்விக்குச் செயலாளரே பதில் சொல்லாமல் தான் எதையும் எழுத முடியாது.

ஒரு மாலை கர்னல் கேடி லைனுக்கு வந்தார். வாழ்நாளில் முதல் தடவை என்பதால் எந்த வீடு என்று தெரியாமல் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினார். சூசை பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார், அமலு எழுந்திருக்கவில்லை.

"நீ என் குரலில் பேசுவாயாமே," என்றார் கர்னல்.

சூசை தரையைப் பார்த்தார்.

"பேசுவேன் சார்."

"அச்சு அசலாக?"

"உங்க வீட்டு நாயே வாலாட்டும் சார்."

கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, மீசையை இரண்டு நாளாக முறுக்கவில்லை. "லுக் ஹியர். நீ போய் அந்த இடத்தில் சொல்லிவிடு. என் குரலில். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். பந்துக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது. உனக்குக் கோப்பை. எனக்குத் தூக்கம்."

சூசை மகளைப் பார்த்தார், அவர் கண்ணிலேயே சரி என்று சொல்லிவிடு பாப்பா என்று எழுதியிருந்தது. தெரசம்மாள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். வாசலில் லைன் முழுக்கக் கூடியிருந்தது. ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தால் வந்துவிடும், தொண்டையில் கர்னலின் அந்தக் கரகரப்பு தயாராக, மட்டன் பஃப் உத்தரவைவிடச் சுலபமாக, வந்து உட்கார்ந்துவிட்டது. விளையாட்டுக்கு எத்தனையோ பேர் குரலை எடுத்தவள், ஜெயிப்பதற்கு ஒரு குரலை எடுக்கலாமா என்று தன்னையே கேட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தாள். பிறகு அந்தக் குரலை விழுங்கினாள்.

"சார், பந்தை நான் என் கையால அடிச்சேன்," என்றாள், யாருடைய சாயலும் இல்லாத, லைனில்கூடப் பலர் அதுவரை கேட்டிராத சொந்தக் குரலில். "உங்க குரல் உங்களுது. நீங்களே கொண்டு போங்க."

"முடியாது என்கிறாயா?"

"மாட்டேன்கிறேன் சார். கோப்பை இல்லாமலே கெழவியாகறேன். ஆட்டம் நடந்துக்கிட்டே இருக்கட்டும்."

கர்னல் திரும்பி நடந்தார், அவர் வைத்த ஒவ்வோர் எட்டுக்கும் கீழே பந்து கூடவே போவதை லைன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்து, பால் வாங்கப் போனவர்கள் ஓடிவந்து சொல்ல, ஊரே கிளப் புல்வெளிக்குப் போனது. பனியே இல்லை. கர்னல் இஸ்திரி போட்ட கோட்டும் மெடல்களுமாகக் குழிக்கு முன்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, பூட்ஸைச் சுற்றிப் புல் படுத்திருந்தது. நடுவர் வெங்கடவரதன் இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்காமல், அழுக்காகவே போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். கர்னல் ஒரு முழங்காலை மடக்கினார், அது கறுக்கென்றது, மற்ற முழங்காலையும் மடக்கினார்.

"பந்து," என்றார். நிறுத்தினார். அணிவகுப்பில் ஆணை கொடுக்கிற குரல் வரவில்லை, ஏதோ ஒரு சாதாரண வயதான மனிதரின் குரல் வந்தது. "பந்து குழியில் விழுந்தது. நான் பார்த்தேன். கேடி வீட்டுப் பெண் ஜெயிப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் ஜெயித்துவிட்டாள்."

சத்தம் பங்களாவை விட்டுக் கிளம்பியது. பஸ் ஸ்டாண்டுக்கடியில் போனது, கண்டக்டர் பழக்கத்தில் விசிலை எடுத்தார். மாதா கோயில், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் தெரு, நூர்தீன் கடை, அங்கே தம்ளர்கள் ஒரு தடவை சிலிர்த்தன, பிறகு கேடி லைன், வீடு வீடாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தரையையும் கடைசியாகச் சூடாக்கிக்கொண்டு, பின்மதிலைத் தாண்டி, கூடியிருந்தவர்களின் கால்களுக்கடியில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டு வந்து, நின்றது. ஊரில் எங்கோ ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

அமலு குழிக்குள் கையை விட்டாள். மணிக்கட்டுக்கு மேல் போகத் தேவையிருக்கவில்லை. வெளியே வந்த பந்தில் வெள்ளை என்று ஒன்று இல்லை, டீத்தூளும் மஞ்சளும் மெழுகும் மருந்தும் பங்களா கார்ப்பெட்டின் சிவப்பு நூலும் கலந்து ஒட்டிப் பழுப்பாக, அவித்த முட்டை மாதிரி சூடாக இருந்தது. அதைப் பிடித்த அவள் கையும் அப்படியே ஆகிவிட்டது. நடுவர் குனிந்து பார்த்து, "அடி ஒன்று. ஆட்டம் முடிந்தது," என்றார்.

ஆட்டம் முடிந்தால் கைகுலுக்க வேண்டும், அதுதான் கோல்ஃபில் மரியாதை. கர்னல் எழுந்து, வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவள் கையைப் பார்த்தார். பக்கத்தில் தெரசம்மாள் முந்தானையை எடுத்து, "தொடைச்சுக்க பாப்பா, தொடைச்சுக்க," என்று கிசுகிசுத்தாள்.

அமலோற்பவம் துடைக்காமலேயே கையை நீட்டினாள், அவர் பிடிக்கிற வரைக்கும் நீட்டியே வைத்திருந்தாள்.